மத்தியான மெசேஜ்

கோயில் மணியை யாரோ கூடத்துக்குள் கொண்டுவந்து அடித்தது போல மூன்று முறை அதிர்ந்தது அந்தச் சத்தம். ஐஸ் பெட்டியைச் சுற்றி ஒருவர் தோளை ஒருவர் கட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்த பெண்கள் பாதி ஒப்பாரியில் நின்றுவிட்டார்கள். வாசலில் மேளக்காரர் கூட அடிக்கத் தூக்கிய குச்சியோடு உள்ளே எட்டிப் பார்த்தார்.

சத்தம் வந்தது பெட்டியின் மேலே, சாமந்தி மாலைக்கும் ஊதுவத்திக்கும் நடுவில் கிடந்த பக்கிரியின் போனிலிருந்து. மோட்டார் ஓடும்போதும் காதில் விழ வேண்டும் என்று ஒலியை உச்சத்தில் வைத்திருந்த மனிதர். இப்போது அதற்கு ஒரு சாண் கீழே, கண்ணாடிக்கு அடியில், எதுவும் கேட்காமல் படுத்திருந்தார். முந்தாநாள் கரும்புக் கொல்லையில் விழுந்தவர். ஆஸ்பத்திரியில் மூச்சுக்குழாயோடு கிடந்து, இன்று விடியும்போது முடிந்துபோனார்.

பக்கிரியின் மகள் வெண்ணிலாவின் கணவன் தமிழ்ச்செல்வன் போனை எடுத்துப் பார்த்தான். பாகூரில் உரக்கடை வைத்திருப்பவன். தினமும் இப்படி நூறு மெசேஜ் பார்க்கிறவன். ஆனாலும் அவன் முகம் மாறியதை வெண்ணிலா கவனித்தாள்.

"இன்னா மாப்ள? யாரு?" என்றார் வேணு. பக்கிரியின் கூடப்பிறந்த தம்பி, வெண்ணிலாவுக்குச் சித்தப்பா.

"பேங்க் மெசேஜ் மாமா."

"பேங்க்காரனுக்கு இன்னிக்குத்தான் நேரம் கெடச்சுதா? ஆஃப் பண்ணிப் போடு."

"அது இல்ல. பெரியவரு கணக்குல இருந்து அம்பது ரூபா போயிருக்குது. இப்பதான். இந்த நிமிஷம்."

வேணு பெட்டியைப் பார்த்தார். பிறகு போனைப் பார்த்தார். "செத்தவரு எப்புடிடா செலவு பண்ணுவாரு? யாருக்குப் போயிருக்குது?"

தமிழ்ச்செல்வன் தயங்கினான். ஆனால் கூடம் முழுக்க அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது.

"விஜயகுமாரின்னு போட்டிருக்குது."

அழுகை நின்றிருந்த இடத்தில் இப்போது கிசுகிசுப்பு கிளம்பியது.

"யாருடி அது விஜயகுமாரி?"

"நம்ம ஊருல அப்புடி யாரும் இல்லியே."

"மடுகரையில ஒருத்தி இருக்கா, தையக்கடைக்காரி..."

"அவ விஜயலட்சுமி. சும்மா இரு. பொணம் கெடக்குது."

வெண்ணிலா தன் அம்மாவைப் பார்த்தாள். அம்மணி பெட்டியின் தலைமாட்டில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். விடிந்ததிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. அந்தப் பெயர் காதில் விழுந்ததா என்பது கூடத் தெரியவில்லை. அவள் கை மட்டும் கண்ணாடியின் மேல் கிடந்தது.

தமிழ்ச்செல்வனுக்குக் கடைக்காரப் புத்தி சும்மா இருக்கவில்லை. தாழ்வாரத்துக்குப் போய் பேங்க் நம்பருக்கு மிஸ்டு கால் கொடுத்து, கடைசியாகப் போன வரவு செலவை வரவழைத்தான். பிறகு பழைய மெசேஜ்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தான். வேணு அவன் தோளுக்கு மேலே கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றார்.

"நேத்தும் போயிருக்குது மாமா. முந்தாநாளும் போயிருக்குது. அன்னிக்கு இவரு வாயில டியூப்போட கெடந்தாரு. அதுக்கு முன்னாடியும்... போயிக்கினே இருக்குது. எல்லாம் அதே பேருக்கு. எல்லாம் மத்தியானம்."

"அப்ப எவனோ திருடறான்."

"அம்பதும் அறுபதுமாவா திருடுவான்?"

"கொஞ்சம் கொஞ்சமா சொரண்டினாதான யாருக்கும் தெரியாது. கரும்பு ஆலைப் பணம் வேற அதுலதான் வுழுது. மொதல்ல அத மூடு. இன்னா ஏதுன்னு அந்த கூகுள் பேயத் தொறந்து பாரேன்."

"தொறக்கலாம். விரல வெச்சாதான் தொறக்கும்."

"யாரு விரல?"

இரண்டு பேரும் கூடத்துப் பக்கம் திரும்பினார்கள்.

பக்கிரியின் இரண்டு கட்டைவிரலையும் சேர்த்து வெள்ளைத் துணியால் கட்டியிருந்தது. கரும்புத் தோகை கிழித்துக் கிழித்துக் காய்ப்பேறிய விரல்கள்.

"ஒரு நிமிஷ வேலை," என்றார் வேணு, குரலைத் தாழ்த்தி. "பெட்டிய லேசாத் தொறந்து, கட்ட அவுத்து, வெச்சு எடுத்தா..."

"சித்தப்பா."

வெண்ணிலா எப்போது எழுந்து வந்து பின்னால் நின்றாள் என்று அவர்களுக்குத் தெரியாது.

"அப்பா கைய யாரும் தொடக் கூடாது."

"இல்லம்மா, திருட்டுப் பய எவனோ..."

"திருடினு போவட்டும்."

தமிழ்ச்செல்வன் வேறு வழி தேடினான். பேங்க் உதவி நம்பரை அடித்து ஸ்பீக்கரில் போட்டான். பதிவு செய்த பெண் குரல் ஒன்று, சாவு வீடு என்றெல்லாம் பார்க்காமல், மிகவும் சந்தோஷமாக வணக்கம் சொன்னது. தமிழுக்கு ஒன்றை அழுத்தச் சொன்னது. கணக்கை உடனே முடக்க நான்கை அழுத்தச் சொன்னது.

அவன் விரல் நான்குக்கு மேலே போனபோது வெண்ணிலா போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"இன்னாடி?"

"இருங்க."

ஏன் பிடுங்கினாள் என்று அவளுக்கே ஒரு கணம் புரியவில்லை. பிறகு புரிந்தது. தினமும் மத்தியானம் ஐம்பது ரூபாய் என்றால், அது ஒரு ஆளின் ஒரு வேளைச் சாப்பாடு. இந்த வீட்டில் நாலு வருஷமாக யாரும் உச்சரிக்காத ஒரு பெயர் அவள் நாக்கு நுனிக்கு வந்து நின்றது.

நவநீதன்.

அவளுக்கு இரண்டு தம்பிகள். பெரியவன் நவநீதன், சின்னவன் தமிழ்க்குமரன். நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு மாசி மாதம், ஆலையிலிருந்து வெட்டு உத்தரவு வந்திருந்தது. உத்தரவு வந்த கரும்பை அந்தந்த நாளில் கொண்டுபோய்ச் சேர்க்காவிட்டால் வெயிலில் எடை இறங்கிவிடும். நவநீதன் இரண்டு நாளாகத் தூங்காமல் டிராக்டர் ஓட்டினான். ஆலை வாசலில் வரிசையில் நிற்பதும், இறக்குவதும், திரும்பி வருவதுமாக இருந்தான். மூன்றாவது நாள் காலையில், "இன்னும் ஒரே நடைடா, முடிஞ்சுது" என்று ஏற்றிவிட்டவர் பக்கிரிதான். அண்ணன் கண் அசராமல் பார்த்துக்கொள்கிறேன் என்று சின்னவன் மட்கார்டில் ஏறி உட்கார்ந்தான். வாய்க்கால் வளைவில் நவநீதனின் கண் செருகியது. மட்கார்டிலிருந்து விழுந்த சின்னவன் மேல் கரும்பு ட்ரெய்லர் ஏறி இறங்கியது.

கருமாதி அன்று, காரியம் முடிந்த அதே குளத்தங்கரையில், அம்மணி புருஷனைத் தண்ணீருக்குள் இறக்கினாள். பெற்ற பிள்ளை உயிரோடு இருக்கும்போதே அவனுக்குத் தலை முழுகுவது அந்தப் பக்கத்தில் எப்போதாவது நடக்கிற காரியம். முழுகிவிட்டால் அவன் செத்தவன். வாசல்படி ஏறக் கூடாது. முகத்தில் முழிக்கக் கூடாது. நல்லது கெட்டதற்குச் சொல்லி அனுப்பக் கூடாது. பக்கிரி கழுத்தளவுத் தண்ணீரில் கல்லாக நின்றார். குடத்தில் மொண்டு அவர் தலையில் ஊற்றியது அம்மணி. ஊரே கரையில் நின்று பார்த்தது. அந்தக் கூட்டத்துக்குப் பின்னால், தலையில் கட்டுப் போட்டுக்கொண்டு நின்ற நவநீதன், அப்படியே நடந்து போனவன்தான்.

திருப்பூரில் இருக்கிறான் என்றார்கள். இல்லை, செத்துப்போனான் என்றும் ஒரு பேச்சு வந்தது.

வெண்ணிலா கொல்லைப்பக்கம் போனாள். மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் சிமெண்டுத் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று மெசேஜை மறுபடியும் படித்தாள். விஜயகுமாரி என்ற பெயருக்கு அடுத்ததாக ஒரு போன் நம்பர் இருந்தது. அந்த நம்பரைத் தன் போனில் அடித்தாள்.

எண்ணெயில் எதுவோ பொரிகிற சத்தம்தான் முதலில் கேட்டது. பிறகு லாரி ஹாரன். அப்புறம்தான் ஆள்.

"அலோ, யாரு? பார்சலுன்னா சாதம் தீந்துபோச்சு. பரோட்டா சாயங்காலந்தான்."

"பார்சல் இல்லீங்க. நீங்க சாப்பாட்டுக் கடை வெச்சிருக்கீங்களா?"

"பின்ன இன்னா, நகைக் கடையா வெச்சிருக்கறேன்? யாரும்மா நீ?"

"இப்ப ஒரு அம்பது ரூபா வந்துதுங்களா உங்களுக்கு? அது யாரு குடுத்தது?"

"நான் இன்னாத்தக் கண்டேன்? வர்றவங்க ஸ்கேன் பண்றாங்க, பொட்டி கத்துது, நான் பாட்டுக்குக் கரண்டியப் புடிச்சினு நிக்கறேன். ஏம்மா, மாத்திப் போட்டுட்டியா?"

"பக்கிரின்னு பேரு வந்திருக்கும்."

கரண்டிச் சத்தம் நின்றது.

"பக்கிரி பேருலயா? அது நம்ம மில்லுத் தம்பி ஆச்சே. நவநீதன்."

வெண்ணிலா தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"இதோ பெஞ்சாண்ட கை கழுவினு இருக்குது. குடுக்கவா?"

"வாணாம். எந்த ஊருங்க உங்க கடை?"

"காட்டேரிக்குப்பம். அரிசி மில்லுக்கு எதுத்தாப்புல. நீ யாருன்னு சொல்லவே இல்லியே?"

வெண்ணிலா வைத்துவிட்டாள்.

தமிழ்ச்செல்வன் பின்வாசலில் நின்றிருந்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் அவனுக்குக் கேள்வி தேவைப்படவில்லை.

"உங்கம்மா?" என்று மட்டும் கேட்டான்.

"வந்து பாத்துக்கலாம்."

"வெயில் சாயறதுக்குள்ள எடுக்கணும்னு பெரியவங்க பேசிட்டாங்க. கொள்ளி உங்க சித்தப்பாதான்னும் முடிவாயிடுச்சு."

"நான் வர்ற வரைக்கும் எடுக்க வுடாதீங்க."

"நான் இன்னாடி சொல்லி நிறுத்துவேன்?"

"உங்க கடையில தெனம் எத்தினி பொய் சொல்றீங்க? இன்னிக்கு ஒண்ணு சொல்லுங்க."

அவன் ஸ்கூட்டிச் சாவியை எடுத்து அவள் கையில் வைத்தான்.

கரியமாணிக்கம் தாண்டும் வரை அவள் யாரையும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. அப்பாவைப் பெட்டியில் வைத்துவிட்டுத் தலைவிரி கோலமாக வண்டியோட்டிப் போகிறாள் என்று ஊர் பேசும். பேசட்டும். வில்லியனூர் ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டபோதுதான் முதல் தடவையாகக் கண்ணீர் வந்தது. பக்கத்து பைக்குக்காரன் திரும்பிப் பார்த்தான். கேட் திறந்தது. பத்துக்கண்ணு, சுத்துக்கேணி என்று பலகைகள் வந்து வந்து பின்னால் போயின.

விஜயகுமாரியின் கடை என்பது நாலு தகரமும் ஒரு நீலத் தார்ப்பாயும்தான். அடுப்புக்குப் பின்னால் நின்றிருந்தவளுக்கு ஐம்பது வயது இருக்கும். கனத்த உடம்பு, கனத்த குரல். வெண்ணிலாவின் கோலத்தைப் பார்த்ததும் அந்தக் குரல் இறங்கிவிட்டது.

"நீதான் போன் பண்ணியா?"

"அவன் அக்கா நான்."

விஜயகுமாரி உள்ளே திரும்பி, மருமகளை எதிரே இருந்த மில்லுக்கு ஓடச் சொன்னாள். ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள். ஒரு சொம்பு தண்ணீர் வைத்தாள். யார் இறந்தது என்று அவள் கேட்கவில்லை. ஆனாலும் அவளுக்குத் தெரிந்துவிட்டது போல இருந்தது.

"பெரியவரு ஒரே வாட்டிதான் வந்தாரு," என்று தானாகவே ஆரம்பித்தாள். "ரெண்டு வருஷம் ஆவுது. யாரோ இங்க மூட்டை தூக்கறான்னு சொல்லி, கேட்டுக்கினு வந்திருக்காரு. இந்தத் தம்பி அப்ப சரியா சாப்புடாது. ஒரு நாள் வரும், ரெண்டு நாள் வராது. பெரியவரு கையில பணமாக் குடுத்தாரு, தம்பி வாங்கல. அப்பறம் எம் மருமவகிட்ட வந்து, எங்கணக்குல இருந்து இவன் சாப்புடற மாதிரி போன்ல ஏதோ செய்யலாமாமே, செஞ்சு குடும்மான்னாரு. அவதான் ரெண்டு போனையும் வெச்சுக்கினு நோண்டி நோண்டி சேர்த்து வுட்டா."

"அவன் ஒத்துக்கினானா?"

"எங்க? வாணாம்னுதான் நின்னுச்சு. அதுக்குப் பெரியவரு, 'நீ துன்னியா இல்லியான்னு எனக்குத் தெரியணும். வேற ஒண்ணும் வாணாம்'னாரு. அவ்ளோதான் பேச்சு. அதோ அந்த பெஞ்சுல ரெண்டு பேரும் உக்காந்திருந்தாங்க. எப்புடித் தெரியுமா? முதுகோட முதுக வெச்சுக்கினு. ஏன்யா இப்புடின்னேன். மூஞ்சப் பாக்கக் கூடாதும்மா, தலை முழுகிட்டேன்னாரு."

விஜயகுமாரி கரண்டியைத் துடைத்தாள். துடைத்ததையே திரும்பவும் துடைத்தாள்.

"அன்னிலேர்ந்து ஒரு நாள் தவறாம வருது. மில்லு லீவுன்னாலும் வந்து துன்னுட்டுப் போவுது."

சாலையைக் கடந்து அவன் வந்தான். புருவத்திலும் மீசையிலும் தவிடு படிந்திருந்தது. தோள் இறங்கிப்போயிருந்தது. அக்காவைக் கண்டதும் தார்ப்பாய்க்கு வெளியே, வெயிலிலேயே நின்றுவிட்டான்.

"அப்பா அனுப்பினாரா?"

அவள் ஸ்டூலிலிருந்து எழுந்தாள்.

"அம்பதுக்கு மேல நான் போனதில்லக்கா. எப்பவாச்சும்தான் அறுபது. முட்டை வாங்கியிருப்பேன். வாணாம்னா நாளையில இருந்து நிறுத்திக்கறேன். அவரு கோவமா இருக்காரா?"

"இல்லடா."

அவன் அப்போதுதான் அவளை முழுசாகப் பார்த்தான். அவிழ்ந்து கிடந்த கூந்தலைப் பார்த்தான். கசங்கிய புடவையைப் பார்த்தான். முழங்கையில் ஒட்டியிருந்த சாமந்தி இதழைப் பார்த்தான்.

"யாருக்கா?"

"அப்பா."

அவன் அழுவான் என்று நினைத்தாள். அவன் திரும்பி, தான் சாப்பிட்ட பெஞ்சைப் பார்த்தான்.

"எப்ப?"

"விடியக்காலையில."

"இப்பதான் துன்னேன்," என்றான். "அங்க வூட்டுல அடுப்பு எரியாது. யாரும் பச்சத் தண்ணி குடிச்சிருக்க மாட்டாங்க. நான் இங்க உக்காந்துக்கினு... சாம்பார் ரெண்டாந்தரம் கேட்டு வாங்கித் துன்னேன்க்கா."

"அவரு போட்ட சோறுதான்டா."

அவன் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தான். முதுகை இவர்கள் பக்கம் வைத்து உட்கார்ந்தான். தோள் குலுங்குவது மட்டும் தெரிந்தது. விஜயகுமாரி அடுப்பைத் தணித்தாள். டீ கேட்டு வந்த இரண்டு பேரைக் கையால் சைகை காட்டித் திருப்பி அனுப்பினாள்.

கொஞ்ச நேரம் போனதும் வெண்ணிலா அவன் தோளைத் தொட்டாள். "ஏந்துரு. நேரமில்ல."

"நான் வரல. செத்தவன் நான். செத்தவன் எப்புடி வந்து கொள்ளி வெப்பான்?"

"கொள்ளிய யாரு வேணா வெக்கட்டும். நீ வந்து ஒரு புடி வாய்க்கரிசி போடு. போட்டுட்டு வந்துடு."

"அம்மா?"

வண்டியைக் கிளப்பினாள். அவன் ஏறி உட்காரும் வரை ஆக்ஸிலேட்டரைத் திருகிக்கொண்டே நின்றாள்.

வழி முழுக்க அவன் ஒரே ஒரு தடவைதான் பேசினான். "கடைசியில ஏதாச்சும் சொன்னாரா?"

"பேச்சு வரலடா."

ஊர் நெருங்கும்போது மேளச் சத்தம் எதிர்க் காற்றில் வந்தது. பால் சொசைட்டி வாசலில் அவன் வண்டியிலிருந்து குதித்துவிட்டான். அதற்கு மேல் ஒரு அடி வரமாட்டேன் என்று சுவரோடு ஒட்டிக்கொண்டான். அவனைப் பார்த்த ஒரு பெண் வாயில் கையை வைத்தாள். அவ்வளவுதான். செய்தி அவர்களுக்கு முன்னால் தெருவில் ஓடியது.

வேணு துண்டை உதறிக்கொண்டு வந்தார். கொள்ளி வைப்பதற்காக அவர் மீசையை மழித்துவிட்டிருந்தார். வேறு யாரோ போலத் தெரிந்தார்.

"மாப்ள இன்னாடான்னா அய்யருக்கு வயித்துவலின்னாரு, பூ வரலன்னாரு, பாடைக்கு மூங்கில் பத்தலன்னாரு. இதுக்குத்தானா? இவன இன்னாத்துக்குடி இட்டாந்த?"

"வாய்க்கரிசி போட சித்தப்பா."

"ஊரறியத் தலை முழுகியாச்சு. நானும் கரையில நின்னவன்தான்." அவர் நவநீதன் பக்கம் திரும்பாமல் பேசினார். ஆனால் குரல் உடைந்தது. "தூக்கி வளத்த புள்ளைய வாணாம்னு சொல்ல எனக்கு ஆசையா? அண்ணிதான் அன்னிக்குத் தண்ணி ஊத்துனது. அவங்க வாயால வரச் சொல்லட்டும். நான் இப்பவே கொள்ளிச் சட்டிய இவன்கிட்டக் குடுத்துட்டு ஒதுங்கிக்கறேன். அவங்க சொல்லாம இவன் படியேறினா, அவங்க தாங்க மாட்டாங்க. ஒரே நாள்ல ரெண்டு பொணம் வாணாம்மா."

அவர் சொன்னதில் தப்பில்லை என்று வெண்ணிலாவுக்குத் தெரிந்தது.

வீட்டு வாசலில் பக்கிரியைப் பெட்டியிலிருந்து எடுத்து, குளிப்பாட்டி, பெஞ்சில் கிடத்தியிருந்தார்கள். புது வேட்டி, நெற்றியில் திருநீறு. வாய்க்கரிசித் தட்டு சுற்றிவர ஆரம்பித்திருந்தது. பங்காளிகள் ஒவ்வொருவராக வந்து மூன்று தடவை அரிசியை அள்ளிப் போட்டார்கள்.

அம்மணியை அவர் தலைமாட்டில் கொண்டுவந்து உட்கார வைத்திருந்தார்கள். வெண்ணிலா அவளுக்குப் பக்கத்தில் மண்ணிலேயே உட்கார்ந்தாள். தெருவே இவர்கள் இரண்டு பேரையும் பார்த்தது. மேளம் கூடத் தானாகவே தணிந்தது.

"அம்மா. அந்த மெசேஜு வந்துச்சு இல்ல மத்தியானம். அது யாரோ பொம்பளைக்கு இல்ல. சாப்பாட்டுக் கடைக்கு."

அம்மணி பக்கிரியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"காட்டேரிக்குப்பத்துல இருக்குது கடை. எதிர மில்லுல... அவன் மூட்டை தூக்கறான். அப்பாதான் சோத்துக்கு வழி பண்ணி வெச்சிருக்காரு. பால் சொசைட்டியாண்ட நிக்க வெச்சிருக்கறேன். நீ சொன்னா வருவான். இல்லன்னா இப்புடியே போயிடுவான்."

ஈ ஒன்று பக்கிரியின் உதட்டருகே வந்தது. அம்மணி முந்தானையால் விரட்டினாள். திரும்ப வந்தது. திரும்ப விரட்டினாள்.

"எத்தினி நாளா?" என்றாள். விடிந்ததிலிருந்து அவள் பேசிய முதல் வார்த்தை.

"ரெண்டு வருஷமா."

"சோத்தப் போட்டு வெச்சா துன்ன மாட்டாரு. தட்டு முன்னால உக்காந்துக்கினு போனையே பாத்துக்கினு இருப்பாரு. ஆறிப்போவும். அது அடிச்சாதான் சோத்துல கை வெப்பாரு. கேட்டா, மழை வருமான்னு மெசேஜு வருதுன்னுவாரு." அம்மணி மூச்சை இழுத்துக்கொண்டாள். "மாசியில எங்கடி மழை?"

இந்தத் தடவை ஈயை வெண்ணிலா விரட்டினாள்.

"அதப் படி."

"எதம்மா?"

"அந்த மெசேஜ. எனக்குப் படிக்க வராது இல்ல? நீ படி."

வெண்ணிலா மடியிலிருந்து அப்பாவின் போனை எடுத்தாள். இன்றைக்கு மத்தியானம், ஐம்பது. நேற்று மத்தியானம், ஐம்பது. முந்தாநாள் மத்தியானம், அறுபது. அதற்கு முந்தின நாள், ஐம்பது. அவள் படித்துக்கொண்டே போனாள். அரிசித் தட்டோடு நின்றவர் அப்படியே நின்றார். தெரு முனையில் சுவரோடு ஒட்டி நின்றவன் தலையைக் குனிந்துகொண்டிருந்தான். அவனுக்கு இது கேட்டிருக்காது.

"போதும்," என்றாள் அம்மணி. "ராத்திரியில வந்தது ஒண்ணும் இல்லியா?"

வெண்ணிலா மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள்.

"இல்லம்மா. எல்லாம் மத்தியானந்தான்."

அம்மணி அப்போதுதான் புருஷன் முகத்திலிருந்து பார்வையை எடுத்தாள். பால் சொசைட்டி இருக்கிற திசையில் தெருவைப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள்.

"அப்ப ராவுக்கு அவன் இன்னாடி துன்றான்?"